ரெனேசான்ஸ் மெழுகு: போர்க்காலப் பிஸ்டல்களுக்கு எங்கே பூசலாம், எங்கே கூடாது

உலகப்போர் காலத்துக் கைத்துப்பாக்கிகளைச் சேகரிப்பவர்களிடம் "என்ன பூசி வைக்கிறீர்கள்?" என்று கேட்டால் பாதிப் பேராவது ரெனேசான்ஸ் மெழுகின் பெயரைச் சொல்வார்கள். 65 மில்லி, 200 மில்லி டப்பாக்களில் பரவலாகக் கிடைக்கிறது. டப்பாவின் அளவைப் பார்த்தால் விலை அதிகமாகத் தெரியும். அந்த விலைக்கு அது என்ன செய்கிறது, என்ன செய்யாது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் வாங்கிப் பூசியதால் வீணான துப்பாக்கிகள் ஏராளம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இனிச் சுடப்போவதில்லை, கண்ணாடிப் பெட்டியிலோ இரும்பு அலமாரியிலோ இருக்கப்போகிறது என்று தீர்மானித்த, புளூயிங் (இரும்பைக் கருநீலமாக்கும் பூச்சு) செய்த பிஸ்டலின் வெளிப்புறத்துக்கு இது மிகச் சிறந்த பொருள். குழலின் உட்புறம், ஸ்பிரிங், நகரும் பாகங்கள், பார்க்கரைஸ் (பாஸ்பேட் பூச்சு) செய்த அமெரிக்கத் துப்பாக்கிகள் ஆகியவற்றுக்கு எண்ணெய்தான் சரி. ஏற்கெனவே துருப்பிடித்த இடத்தின் மேல் இதைப் பூசவே கூடாது.

இந்தக் கலவை பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆய்வுக்கூடத்தில் 1950களின் பிற்பகுதியில் உருவானது. பிறகு லண்டனில் இருந்த பிக்ரியேட்டர் நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதுவரை மியூசியங்களில் தேன்மெழுகும் கார்னோபா மெழுகும்தான் புழங்கின. இரண்டிலும் இயற்கையாகவே கொழுப்பு அமிலங்கள் உண்டு. நாளாக ஆக அவை உலோகத்தோடு, குறிப்பாகச் செம்பு, பித்தளையோடு வினைபுரிந்து பச்சையாகக் கசிய ஆரம்பிக்கும். ஆகவே அமிலமற்ற மெழுகைத் தேடினார்கள். பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் மைக்ரோ கிரிஸ்டலைன் மெழுகோடு கொஞ்சம் பாலிஎத்திலீன் மெழுகைச் சேர்த்து, பெயின்ட் கரைக்கப் பயன்படும் ஒயிட் ஸ்பிரிட்டில் கரைத்துப் பசையாக்கியதுதான் டப்பாவுக்குள் இருப்பது. சாதாரணப் பாரஃபின் மெழுகைவிட இதன் படிகங்கள் மிக நுண்ணியவை. அதனால் படலம் நெருக்கமாகப் படிகிறது, விரலால் தொட்டாலும் ரேகை விழுவதில்லை. எண்ணெய் பூசிய லூகர் என்ற ஜெர்மன் பிஸ்டலை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தால், விரல் பட்ட இடமெல்லாம் எண்ணெய் வழிந்து உலோகம் வெறுமையாகிவிடும். மெழுகில் அந்தத் தொல்லை இல்லை. வெறும் எண்ணெயை விட்டுவிட்டுச் சேகரிப்பாளர்கள் இதற்கு மாறியதற்கு முக்கியக் காரணமே இதுதான்.

டப்பாவைத் திறந்தால் வெள்ளையான, கொஞ்சம் இறுகிய பசை. ஒயிட் ஸ்பிரிட் வாடை நன்றாகவே வரும், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். தீப்பற்றக்கூடியது என்பதால் பக்கத்தில் அடுப்போ மெழுகுவத்தியோ இருக்கக் கூடாது. மூடியைச் சரியாக இறுக்காவிட்டால் ஸ்பிரிட் ஆவியாகி, சில மாதங்களில் பசை கட்டியாகிவிடும். பத்துப் பதினைந்து பிஸ்டல் வைத்திருப்பவருக்கு 65 மில்லி பல ஆண்டுகள் வரும். கணக்குப் பார்த்து 200 மில்லி வாங்கி, பாதி தீர்வதற்குள் காயவிடுவதைவிடச் சின்ன டப்பாதான் லாபம்.

பூசுவதற்கு முன்

மெழுகின் வெற்றி தோல்வி முழுக்க முன்வேலையில்தான் இருக்கிறது. முதல் வேலை பாதுகாப்பு: மேகசினைக் கழற்றி, மேலே நகரும் ஸ்லைடையோ, லூகரில் முட்டி போல மடங்கும் டாகிளையோ பின்னுக்கு இழுத்து, தோட்டா அறை காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிடுங்கள். எண்பது வருஷமாக யாரும் சுடாத துப்பாக்கி என்பது எந்த உத்தரவாதமும் ஆகாது.

அடுத்து, துடைப்பதற்கு முன் பாருங்கள். பிடியின் உள்பக்கம் பென்சிலால் எழுதிய பெயர், பெயின்டால் போட்ட அடையாள வளையம், பழைய கண்காட்சி எண், தோல் உறைக்குள் மடித்து வைத்த, போரில் கைப்பற்றியதற்கான சான்று, இவையெல்லாம் துப்பாக்கியின் வரலாறு. ஒயிட் ஸ்பிரிட் நனைத்த பஞ்சு இவற்றில் பலவற்றை ஒரே இழுப்பில் அழித்துவிடும். இன்னொரு ஜெர்மன் பிஸ்டலான வால்தர் P38-ன் சேஃப்டி அருகில் உள்ள S, F எழுத்துகளின் வண்ணமும், சேஃப்டி போட்டிருப்பதைக் காட்டும் லூகரின் "கெஸிஷர்ட்" எழுத்துக்குள் நிரப்பிய வெள்ளையும் இதே ஆபத்தில் இருப்பவை. மெழுகிலேயே ஸ்பிரிட் இருப்பதால், வண்ணம் உள்ள இடத்தைச் சுற்றி வந்து நிறுத்திக்கொள்வது நல்லது.

கையில் நைட்ரைல் உறை போடுங்கள். பருத்தி உறை வியர்வையை உறிஞ்சி உலோகத்துக்குக் கடத்தும், நூலும் ஓரங்களில் மாட்டும்.

இனி பழைய எண்ணெயை எடுக்க வேண்டும். எண்ணெய்ப் படலத்தின் மேல் மெழுகு பிடிக்காது. கோடு கோடாக நிற்கும், அடியில் அழுக்கும் ஈரமும் சிறைப்படும். நூல் உதிராத வெள்ளைப் பருத்தித் துணியில் ஒயிட் ஸ்பிரிட்டைச் சில துளி விட்டுத் துடையுங்கள், துணி சுத்தமாக வரும்வரை மாற்றி மாற்றித் துடையுங்கள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வேகமாக வேலை செய்யும் என்று சிலர் அதை எடுப்பார்கள். மரப்பிடியில் ஷெல்லாக் பூச்சு இருந்தால் ஆல்கஹால் அதைக் கரைத்துவிடும். பிடியைக் கழற்றி வைத்துவிட்டு உலோகத்துக்கு மட்டும் பயன்படுத்தலாம்.

பிடியைக் கழற்றும் இடத்தில்தான் அதிகச் சேதம் நடக்கிறது. ஸ்க்ரூவின் பள்ளத்தில் அகலமும் தடிமனும் அச்சாகப் பொருந்துகிற, இரு பக்கமும் குழிவாகத் தீட்டிய ஸ்க்ரூ டிரைவர் வேண்டும். ஆப்பு வடிவத்தில் சரிவாக இருக்கும் வீட்டு டிரைவர் வழுக்கிக்கொண்டு போய் புளூயிங்கில் ஒரு வெள்ளிக்கோடு போட்டுவிடும். லூகர் P08-ல் இடது பிடியின் மேல்மூலை சேஃப்டி நெம்பைச் சுற்றி மெல்லிசாக வரும். அவசரமாக நெம்பினால் அந்த மூலை உடைந்து போகும். சந்தைக்கு வரும் லூகர்களில் எத்தனையோ இடதுபிடிகளில் அந்தச் சில்லு இல்லாமல் இருப்பதைப் பார்க்கலாம். ஸ்க்ரூவை முழுக்க எடுத்துவிட்டு, கீழ்ப்பக்கத்திலிருந்து மெதுவாகத் தூக்கி, நெம்பிலிருந்து விலக்கி எடுங்கள். பாகங்களின் வரிசை எண் ஒத்துப்போகும் துப்பாக்கியில் பிடியின் உள்ளேயும் எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் இருக்கும். அந்தப் பிடி உடைந்தால் மாற்று கிடைக்கும், எண் கிடைக்காது.

இவ்வளவு பாடுபட்டுப் பிடியைக் கழற்றத்தான் வேண்டுமா என்றால், முதல் முறை கட்டாயம் கழற்ற வேண்டும். வெளியில் பளபளவென்று இருக்கும் பிஸ்டலில் பிடியின் அடியில் செம்பழுப்புத் துரு படர்ந்திருப்பது வழக்கம். வியர்வை இறங்கி மரத்துக்கும் இரும்புக்கும் நடுவே தங்கும் இடம் அது.

துரு கண்ணில் பட்டால் மெழுகை எடுத்து வையுங்கள். மெல்லிய எண்ணெயை அந்த இடத்தில் விட்டு ஒரு நாள் ஊறவிட்டு, மூங்கில் குச்சியாலோ மெல்லிய பித்தளைத் துண்டாலோ துருவை மட்டும் சுரண்டுங்கள். பித்தளை இரும்பைவிட மென்மை என்பதால் புளூயிங்கைக் கிழிக்காது. 0000 எஃகுப் பஞ்சைப் பலரும் சொல்வார்கள். வேட்டைத் துப்பாக்கிக்கு அது சரி. அசல் பூச்சுதான் மதிப்பே என்கிற போர்க்காலப் பிஸ்டலில் நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன், ஓரங்களில் பூச்சு மெலிந்துவிடும். பிராஸோ மாதிரி உலோகப் பாலிஷை மறந்துவிடுங்கள். 1937-ன் நடுப்பகுதி வரை மாசர் ஆலையில் செய்த லூகர்களில் டிரிகர், மேகசின் பொத்தான், கழற்றும் நெம்பு ஆகியவை வைக்கோல் மஞ்சளாக இருக்கும். வெப்பத்தால் வந்த மிக மெல்லிய ஆக்சைடு படலம் அது. பாலிஷ் துணி பட்டால் நிமிஷத்தில் வெள்ளை இரும்பு தெரியும், திரும்ப வராது. அதன் பிறகு ஆலை, சூடான உப்புக் கரைசலில் முக்கும் உப்புக் குளியல் புளூயிங்குக்கு மாறியதால் அந்தப் பாகங்களும் கறுப்பாகிவிட்டன. ஆகவே அந்த மஞ்சள் நிறம் துப்பாக்கியின் காலத்தைச் சொல்லும் சாட்சியும் கூட.

தேய்ந்த இடத்தை, சூடாக்காமல் தடவிக் கறுப்பாக்கும் கோல்டு புளூ திரவத்தால் மறைப்பதும் வேண்டாம். நிறம் ஒட்டாது, வாடை நாள்கணக்கில் நிற்கும், அனுபவமுள்ள வாங்குபவர் மூக்கைக் கிட்டே கொண்டுபோன உடனே கண்டுபிடிப்பார்.

பூசும் முறை

இரும்பு குளிர்ந்திருந்தால் அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரம் இருக்கும். ஹேர் டிரையரால் கை பொறுக்கும் அளவுக்கு மட்டும் சூடாக்கி, டிரையரை அணைத்துத் தள்ளி வைத்த பிறகு டப்பாவைத் திறங்கள். ஸ்பிரிட் ஆவி இருக்கும்போது சூடான காற்றை அடிக்கக் கூடாது.

ஒரு பிஸ்டலின் ஒரு பக்கத்துக்குப் பட்டாணி அளவு மெழுகே அதிகம். துணியின் நுனியில் தொட்டு, துணியிலேயே நன்றாகப் பரப்பிவிட்டு, சின்ன வட்டங்களாகத் தேயுங்கள். முழுத் துப்பாக்கியையும் பூசிவிட்டு அப்புறம் துடைக்கலாம் என்று நினைத்தால் முதலில் பூசிய இடம் இறுகிவிடும். ஸ்லைடின் இடப்பக்கம், பிறகு வலப்பக்கம், பிறகு ஃபிரேம் என்று பகுதி பகுதியாகப் போய், ஒவ்வொன்றையும் மங்கலாக உலர்ந்த சில நிமிஷத்தில் வேறு சுத்தமான துணியால் மெதுவாகத் துடைத்துப் பளபளப்பாக்குங்கள். அழுத்தம் தேவையில்லை. துணி வழுக்கிக்கொண்டு போகத் தொடங்கினால் போதும்.

இறுகிப்போன இடத்தில் வெள்ளைக் கோடு நிற்கிறதா? நகத்தால் சுரண்டாதீர்கள். புது மெழுகைக் கொஞ்சம் அதன் மேலேயே தடவினால், அதிலுள்ள ஸ்பிரிட் பழையதைக் கரைத்துவிடும், உடனே துடைத்துவிடலாம். இதே காரணத்தால் இரண்டாவது பூச்சை முதல் பூச்சின் மேல் உடனே போடக் கூடாது, போட்டால் முதலாவது கரைந்து துணியோடு வந்துவிடும். ஒரு நாள் இடைவெளி விட்டு, மெல்லிசாக இரண்டாவது பூச்சு. கனமான ஒரு பூச்சைவிட இரண்டு மெல்லிய பூச்சு எப்போதும் மேல். மூன்றாவதால் பெரிய பயன் தெரியாது.

துணியில் வரும் நிறத்தையும் கவனியுங்கள். சாம்பல் நிறம் பழைய அழுக்கு, கவலையில்லை. செங்காவி வந்தால் எங்கோ துரு உயிரோடு இருக்கிறது. அங்கேயே நிறுத்தி, ஸ்பிரிட்டால் துடைத்து, முந்தைய கட்டத்துக்குத் திரும்புங்கள்.

இந்த மெழுகின் பெரிய குறை வெள்ளைப் படிவு. எழுத்துகளின் பள்ளம், ஸ்லைடின் பின்புற வரிகள், கட்டம் போட்ட பிடி என எங்கெல்லாம் குழி இருக்கிறதோ அங்கெல்லாம் மெழுகு தங்கி, உலர்ந்ததும் மாவு பூசியது போல் தெரியும். 1944, 1945-ல் செய்த P38-களில் இது இன்னும் தொல்லை. அவசர உற்பத்தியில் மெஷின் வெட்டிய தடங்களைத் தேய்த்து எடுக்காமலே புளூயிங் செய்தார்கள். குறிப்பாக ஸ்ப்ரீவெர்க் ஆலையின் cyq முத்திரை உள்ளவற்றில் அந்தத் தடங்கள் கைக்குத் தட்டுப்படும். இந்த மாதிரிப் பரப்பில் விரலால் தடவாமல், மென்மையான பழைய பல்துலக்கி முடியில் அணுவளவு மெழுகு தொட்டு வரியின் திசையிலேயே இழுத்து, உலர்வதற்கு முன் இன்னொரு காய்ந்த பிரஷ்ஷால் எடுத்துவிட வேண்டும். தங்கிவிட்டால் பஞ்சுக்குச்சியில் ஸ்பிரிட் தொட்டு எடுக்கலாம்.

இன்னொன்று பளபளப்பு. மங்கலாக இருக்க வேண்டிய போர்க்காலப் பூச்சு, மெழுகுக்குப் பிறகு கொஞ்சம் மினுக்கும். கண்காட்சிக்கு வைப்பவர்களுக்கு இது பிடிக்கும். அசல் தோற்றம் அப்படியே வேண்டும் என்பவர்கள் குறைவாகப் பூசி, லேசாக மட்டும் துடைத்து நிறுத்த வேண்டும்.

மியூசியப் பொருள்களைப் பாதுகாக்கும் வல்லுநர்கள் எழுப்பும் ஆட்சேபம் ஒன்றும் உண்டு. கலவையில் உள்ள பாலிஎத்திலீன் மெழுகு காலப்போக்கில் கரைப்பானுக்கு எளிதில் அசைவதில்லை, பல ஆண்டுகள் அடுக்கடுக்காகப் பூசியதை முழுக்க எடுப்பது கடினம். நியாயமான கவலைதான். வருடத்துக்கு ஒருமுறை பூசுகிறவர்கள் ஒவ்வொரு முறையும் பழையதை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டுப் புதிதாகப் பூசினால் அடுக்கு சேராது.

எந்தத் துப்பாக்கிக்கு எப்படி

ரஸ்ட் புளூயிங் (துருவேற்றிக் கறுப்பாக்குவது), உப்புப் புளூயிங் இரண்டுக்கும் மெழுகு அருமையாகப் பொருந்துகிறது. அமெரிக்க ராணுவப் பிஸ்டலான M1911A1 கதை வேறு. இரண்டாம் உலகப்போர் காலத்தில் ரெமிங்டன் ராண்ட், இத்தாக்கா, கோல்ட் போன்ற ஆலைகளில் செய்தவை பார்க்கரைஸ் செய்யப்பட்டவை. அது நுண்துளைகள் நிறைந்த பாஸ்பேட் படலம். எண்ணெயை உறிஞ்சி வைத்துக்கொள்வதுதான் அதன் வேலையே. எண்ணெயை ஸ்பிரிட்டால் இழுத்துவிட்டு மெழுகைப் போட்டால், துளைக்குள் வெள்ளை தங்கும், பச்சைச்சாம்பல் நிறம் திட்டுத்திட்டாகும். அதற்கு நல்ல துப்பாக்கி எண்ணெய் எதுவானாலும் மெல்லிசாகத் தடவி வைப்பதே போதும். தையல் மிஷினால் நம் வீடுகளுக்குத் தெரிந்த சிங்கர் கம்பெனி செய்த M1911A1 வெறும் 500 மட்டுமே. அதன் மதிப்பெல்லாம் கலையாத அசல் பூச்சில். அந்த மாதிரி ஒன்றில் எந்தப் பரிசோதனையும் செய்யக் கூடாது.

வெப்லி மார்க் 6 ரிவால்வரின் இரும்புக்கு மெழுகு சரி. பிடி வல்கனைட் என்கிற கடினமாக்கிய ரப்பர். வெளிச்சமும் ஈரமும் பட்டால் பழுப்பாகி, அதிலுள்ள கந்தகம் அமிலமாக வெளியே வந்து பக்கத்து உலோகத்தையும் அரிக்கும். வெந்நீரில் கழுவினால் நிறம் போய்விடும். காய்ந்த துணியால் துடைத்து, இருட்டில் வைப்பதுதான் அதற்கு வைத்தியம். P38-ன் பேக்கலைட் பிடிக்கு மெழுகை மிக லேசாகத் தடவலாம். வால்நட் மரப்பிடிக்கும் நல்லது, கட்டங்களில் மட்டும் கவனம்.

உள்ளே எண்ணெய்தான். குழலின் உள்ளே பஞ்சில் மெல்லிசாக எண்ணெய் இழுத்துவிடுங்கள், வாயைக் கார்க்கால் அடைக்காதீர்கள், உள்ளே ஈரம் சிக்கிக்கொள்ளும். இதற்கு 1900களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் வந்த பாலிஸ்டால் எண்ணெய் நன்றாகவே இருக்கிறது. வெளிப்புறத்துக்கு அது தூசியைப் பிடித்து வைப்பதால் மெழுகுக்கு ஈடாகாது. WD-40 நனைந்த துப்பாக்கியிலிருந்து தண்ணீரை விரட்ட உதவும். அதையே நிரந்தரப் பாதுகாப்பு என்று விட்டுவைத்தால் நாளடைவில் பிசினாக இறுகும். கார் பாலிஷில் அரைக்கும் துகள் இருக்கலாம், எடுக்கவே வேண்டாம்.

பிரிட்டனில் 1997 துப்பாக்கித் திருத்தச் சட்டத்தின் 7(1) பிரிவில், 1919-க்கு முன் தயாரான சில பிஸ்டல்களைச் சேகரிப்பாக வீட்டில் வைத்துக்கொள்ளலாம். அவை சுடுவதற்கு அல்ல, அதனால் மெழுகு அவற்றுக்கு அளவெடுத்தது மாதிரி. 7(3) பிரிவின் கீழ் குறிப்பிட்ட இடங்களில் வைத்திருப்பவற்றில் சுடப்படுபவையும் உண்டு. சூடாகும் துப்பாக்கியில் மெழுகு உருகி அழுக்கோடு சேரும். அவற்றுக்கு எண்ணெயே போதும்.

எவ்வளவு நல்ல மெழுகானாலும் தோல் உறைக்குள் வைத்தால் தோற்றுப்போகும். பதனிட்ட தோலில் உள்ள அமிலமும் உப்பும் காற்றின் ஈரத்தை இழுத்து இரும்போடு ஒட்டவைக்கும். துப்பாக்கியை ஒரு பக்கம், உறையை அமிலமற்ற காகிதம் திணித்து இன்னொரு பக்கம் வையுங்கள். பெட்டிக்குள் உள்ள ஃபோம் மெத்தையும் இதே வகைதான், ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் இரும்பும் மரமும் இரண்டும் சமாளிக்கும். ஈரப்பதம் காட்டும் சின்ன ஹைக்ரோமீட்டர் ஒன்றும், நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லும் மெழுகு டப்பாவைவிடவும் முக்கியமான செலவு. சென்னை, சிங்கப்பூர், கொழும்பு மாதிரி கடலோரக் காற்றில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்து, தேவையிருந்தால் திரும்பப் பூசுங்கள். உலர்ந்த நாடுகளில், கை படாமல் இருப்பதற்கு வருடம் ஒருமுறை போதும்.

சந்தேகம் தீராதவர்கள் விலையுயர்ந்த பிஸ்டலில் சோதிக்க வேண்டாம். ஒரு சாதா இரும்புத் தகட்டைத் தேய்த்து ஸ்பிரிட்டால் துடைத்து, ஒரு பாதியில் மட்டும் மெழுகு பூசி, குளியலறை ஜன்னலில் இரண்டு வாரம் வையுங்கள். எவ்வளவு மெல்லிசாகப் பூசினால் போதும், எங்கே தவறவிட்டீர்கள் என்பது துருவிலேயே தெரியும்.